துளையைப் பெருக்கினால் வேகம் பெருகுமா?

அமெரிக்காவில் 1960-களில் பரவிய ‘மசில் கார்’ மோகம் வீட்டுக் கார் கொட்டகைகளைப் பட்டறைகளாக்கியது. போன்டியாக் நிறுவனம் 1964-இல் ஜி.டி.ஓ. காரை, விரும்பியவர்களுக்கு மூன்று கார்புரேட்டர்கள் பொருத்தி விற்றது. செவ்ரோலேயும் ஃபோர்டும் டாட்ஜும் அந்தப் போட்டியில் இறங்கின. அந்தக் கார்களில் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் வி-8 எஞ்சின்களின் தலையில் அமர்ந்திருக்கும் ஹோலி நிறுவனத்தின் நான்கு வாய்க் கார்புரேட்டர்களை ஆர்வலர்கள் இன்றும் தங்கள் கையாலேயே கழற்றிப் பூட்டுகிறார்கள். கையில் ஒரு ஸ்குரூடிரைவரும் டிரில்லும் இருந்தால் போதும், காரின் சக்தியைக் கூட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் துளைகளின் தொகுப்பு. துளையைப் பெருக்கினால் பெட்ரோலும் காற்றும் கூடும். அவை கூடினால் குதிரைத்திறன் கூடும் என்பதே அதன் தர்க்கம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தானது. கார்புரேட்டரை வீட்டில் எளிய கருவிகளைக் கொண்டு மேம்படுத்த முடியும். ஆனால் அது முதன்மையாக ஒரு அளவைக் கருவி. அளந்து பார்த்து, பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்பவருக்கே அது பலன் தரும். இதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

குறுகிய இடத்தில் பாயும் பொருள் வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அதன் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் விளக்கினார். இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் வெளியிட்ட ஆய்வுகளால், நடுவில் இடுங்கிய குழாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கார்புரேட்டரின் இதயம் இந்த வெஞ்சுரிதான். எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் இடுக்கில் வேகமெடுக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. மிதவைத் தொட்டியில் இருக்கும் பெட்ரோலின் மீது வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருப்பதால், அந்த வேறுபாடு பெட்ரோலை ஜெட் எனப்படும் சிறு துளை வழியாகத் தள்ளுகிறது. இங்கே ஒரு நுட்பமான கணக்கு ஒளிந்திருக்கிறது. அழுத்த இறக்கம் காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஜெட் வழியே வரும் பெட்ரோலோ அழுத்த வேறுபாட்டின் இருமடி மூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. இரண்டும் சேர்ந்தால், காற்று இரட்டிப்பானால் பெட்ரோலும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எந்த மின்சுற்றும் இல்லாமல், வெறும் உலோகத் துளைகளால், காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தைக் காப்பாற்றும் கணக்குப்பொறி இது. துல்லியமாகப் பார்த்தால் காற்று கூடக்கூடக் கலவை கொஞ்சம் செறிவடையும். அதைச் சரிக்கட்டத்தான் பெட்ரோல் பாதையில் காற்றைக் கசியவிடும் சிறு துளைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, ஒரு துளையை மாற்றுபவர் ஒரு சமன்பாட்டின் எண்ணை மாற்றுகிறார்.

அந்த எண் எவ்வளவு நுண்ணியது என்று பார்ப்போம். பெட்ரோல் மீதமின்றி எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். முழு மிதியில் (ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது) அதிகச் சக்தி கிடைப்பது சற்றுச் செறிவான கலவையில், அதாவது 12.5-க்கும் 13-க்கும் இடையில். ஹோலியின் 72-ஆம் எண் மெயின் ஜெட்டின் துளை 0.079 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். அதை 2.1 மில்லிமீட்டராகத் துளைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கூடியது ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் பெட்ரோல் பத்து சதவீதம் அதிகமாகப் பாயும். 12.8-ஆக இருந்த விகிதம் 11.6-க்கு இறங்கிவிடும். கூடுதல் பெட்ரோல் எரியக் காற்று இல்லாமல் கரும்புகையாக வெளியேறும், சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. ஹோலியின் பட்டியலில் 72, 73 ஆகிய இரு ஜெட்டுகளுக்கும் துளை விட்டம் ஒன்றே. எண் வேறுபடுவது அவற்றின் வழியே பாயும் அளவால்தான். துளையின் நுழைவாயில் எப்படிச் சரிக்கப்பட்டிருக்கிறது, உட்சுவர் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பவையும் பாய்ச்சலைத் தீர்மானிக்கின்றன. கை டிரில் விட்டுச்செல்லும் பிசிறும் கோணலும் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு ஜெட்டை உருவாக்குகின்றன. தொட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றி, எண் பொறித்த வேறொரு ஜெட்டை ஸ்குரூடிரைவரால் மாற்றிவிடக்கூடிய ஒரு கருவியில், ஜெட்டைத் துளைப்பதற்கு நியாயமே இல்லை.

சரியான ஜெட் என்று நிலையாக ஒன்று கிடையாது என்பதும் இதோடு சேர்த்து நினைக்கவேண்டியது. வெஞ்சுரி காற்றின் வேகத்தை அறியும், அடர்த்தியை முழுமையாக அறியாது. கடல் மட்டத்தில் கச்சிதமாக அமைத்த காரை சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகருக்கு ஓட்டிச் சென்றால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. கலவையின் செறிவு அடர்த்தியின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், எதையும் தொடாமலே அது 8 சதவீதம் செறிவாகிவிடும். கோடையின் வெம்மையும் குளிர்காலத்தின் அடர்காற்றும் சிறிய அளவில் இதே வேலையைச் செய்கின்றன. இன்று சரியாக இருக்கும் அளவு நாளை வேறோர் ஊரில் தவறாகலாம். அப்படியென்றால் திரும்ப முடியாத மாற்றம் எதுவும் ஒரே ஒரு நாளின் வானிலைக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

துளை மோகத்தின் பெரிய வடிவம், கார்புரேட்டரையே பெரிதாகப் பொருத்துவது. இதற்கும் எளிய கணக்கு உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சுகிறது. ஒரு கன அடியில் 1,728 கன அங்குலங்கள். எனவே கொள்ளளவைக் கன அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 3,456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்பது தெரிந்துவிடும். செவ்ரோலேயின் புகழ்பெற்ற 350 கன அங்குல (சுமார் 5.7 லிட்டர்) எஞ்சின் 6,000 சுற்றில் கேட்பது 608 கன அடி. அதுவும் சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினால்தான். சாலையில் ஓடும் எஞ்சின் 85 சதவீதம் நிரம்பினால் தேவை 517 கன அடியாகக் குறைகிறது. அதன் மேல் 850 கன அடிக் கார்புரேட்டரைப் பொருத்தினால், குறைந்த சுழற்சியில் அகன்ற வாய்களில் காற்று சோம்பலாக நகரும். வேகம் பாதியானால் பெட்ரோலை இழுக்கும் அழுத்த வேறுபாடு கால்வாசியாகும். பெட்ரோல் தாமதமாக வரும், பொடியாகச் சிதறாமல் துளித்துளியாக விழும். மிதியை அழுத்தும்போது கார் திணறும், பிக்கப் போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்திய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் இந்த முரணை அழகாகத் தீர்த்தது. முன் இரண்டு வாய்கள் மிகச் சிறியவை, பின் இரண்டு வாய்கள் மிகப் பெரியவை. அன்றாட ஓட்டத்துக்குச் சிறு வாய்களில் காற்று விரைகிறது. மிதியை ஆழமாக அழுத்தும்போது மட்டும் பெரியவை திறக்கின்றன. தேவைப்படும்போது மட்டும் பெரிதாவதே அந்த வடிவமைப்பின் பலம்.

எளிய கருவிகள் உண்மையில் எங்கே பலனளிக்கின்றன? முதலில் ஐடிலிங், அதாவது நின்ற நிலையில் எஞ்சின் ஓடுவது. வேகத்துக்காக வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட்டைப் பொருத்தினால், நின்ற நிலையில் எஞ்சினின் வெற்றிடம் பலவீனமாகிவிடும். எஞ்சின் அணையாமலிருக்க, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டை அதிகமாகத் திறந்துவைக்க வேண்டிவரும். தகட்டின் விளிம்பருகே சுவரில் மெல்லிய நெடும்பிளவு ஒன்று இருக்கிறது. ஐடிலிங்கிலிருந்து மெயின் ஜெட் வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியைப் பெட்ரோலால் நிரப்புவது அதன் பணி. தகட்டின் கீழ்ப்பக்கத்தில் அது ஒரு சிறு சதுரமாகத் தெரியும் அளவுக்கு மட்டுமே வெளிப்பட்டிருக்க வேண்டும். தகடு அதிகம் திறந்திருந்தால் அந்தப் பிளவு முன்கூட்டியே பெட்ரோலைக் கொட்டும். கலவைத் திருகுகளை எப்படித் திருப்பினாலும் எஞ்சின் செவிசாய்க்காது, மிதியைத் தொட்டதும் தடுமாறும். இதற்குப் பழைய தீர்வு, தகடுகளில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் துளையிட்டு அந்த வழியே காற்றை விடுவது. நியாயமான தீர்வுதான். ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு. ஐடிலிங்கில் தீப்பொறி நேரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளினால் பல எஞ்சின்களில் வெற்றிடம் தானே உயரும். அது போதாவிட்டால், பின் வாய்த் தகடுகளின் நிறுத்தத் திருகைச் சிறிது திருப்பி அந்த வழியே தேவையான காற்றை விடலாம். இரண்டையும் திரும்பப் பழையபடி வைத்துவிட முடியும். இவை தோற்ற பிறகே டிரில்லுக்கு முறை வரவேண்டும்.

அடுத்தது பவர் வால்வு. இது மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட உறுப்பு. சாதாரண ஓட்டத்தில் வெற்றிடம் பலமாக இருக்கும்போது இது மூடியிருக்கும், எஞ்சின் மெலிந்த கலவையில் சிக்கனமாக ஓடும். சுமை ஏறி வெற்றிடம் சரிந்ததும் திறந்து கூடுதல் பெட்ரோலைத் தரும். வால்வில் பொறித்திருக்கும் 6.5 என்ற எண், 6.5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் அது திறக்கும் என்பதைச் சொல்கிறது. பெரிய கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சின் ஐடிலிங்கிலேயே 6 அங்குலம்தான் காட்டுகிறது என்றால், அந்த வால்வு ஐடிலிங்கில் மூடாது, எஞ்சின் நின்ற நிலையிலேயே செறிவான கலவையில் புகையும். பலர் இந்த நிலையில் வால்வையே பிடுங்கி அடைப்பான் வைத்துவிட்டு, அதற்கு ஈடாக மெயின் ஜெட்டைப் பல எண்கள் உயர்த்துகிறார்கள். முழு மிதிக்கு அது சரியாகலாம். சாலையின் நீண்ட நிதான ஓட்டத்தில் பெட்ரோல் வீணாகும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். ஒரு வெற்றிட அளவுமானியை இணைத்து, ஐடிலிங்கில் காட்டும் எண்ணில் பாதிக்கு அருகில் திறக்கும் வால்வைப் பொருத்துவதே நெடுநாள் அனுபவத்தில் நிலைபெற்ற விதி. 9 அங்குலம் காட்டினால் 4.5 எண் வால்வு. எந்தத் துளையும் போடாமல், விலை குறைந்த ஒரு மானி பெரிய சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

மூன்றாவது ஆக்சிலரேட்டர் பம்ப். மிதியைச் சட்டென்று அழுத்தினால் காற்று உடனே பாய்ந்துவிடும். கனமான பெட்ரோல் பின்தங்கும். வெற்றிடம் சரிவதால் பாதையில் ஆவியாக இருந்த பெட்ரோலும் குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அந்தக் கணநேரப் பஞ்சத்தைப் போக்க இந்தப் பம்ப் ஒரு தாரையைப் பீய்ச்சுகிறது. தாரை போதாவிட்டால் எஞ்சின் கார்புரேட்டர் வழியே தும்மும். மிகுந்தால் கரும்புகையோடு சோர்ந்துவிடும். இரண்டையும் கண்ணும் காதும் பிரித்தறியும், ஆகவே எதைத் திருத்துவது என்பதில் குழப்பம் இல்லை. பீய்ச்சுமுனையை ஒரே திருகைக் கழற்றி மாற்றலாம். 31 என்ற எண்ணுக்கு 0.031 அங்குலத் துளை என்று பொருள். முனையை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை: முழு மிதியில் பம்ப் நெம்புகோலுக்கு இன்னும் 0.015 அங்குல அசைவு மிச்சமிருக்கிறதா என்று, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் பார்க்கவேண்டும். அது இல்லையென்றால் பம்பின் ரப்பர்ச் சவ்வு நசுங்கிக் கிழியும். மிதவைத் தொட்டியின் பெட்ரோல் மட்டம், அடிப்பாகக் கேஸ்கட்டில் காற்றுக் கசிவு, தேய்ந்த த்ராட்டில் தண்டு, திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் வளைந்துபோன உலோக முகங்கள் ஆகியவற்றையும் முதலில் சரிபார்க்கவேண்டும். வளைந்த முகத்தைக் கண்டறிய நேரான அளவுகோலும், சீராக்கத் தட்டைக் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளும் போதும். பழைய கார்புரேட்டரில் ‘சக்தி குறைவு’ என்று தோன்றுவதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட பராமரிப்புக் குறைகளே. இவற்றைச் சரிசெய்யாமல் ஜெட்டை மாற்றுபவர், கசியும் பானைக்கு அளவாகத் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறார்.

பந்தயக்காரர்கள் துளையிடவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். இடுகிறார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயங்கள் 2011 வரை கார்புரேட்டரிலேயே ஓடின. அந்தக் குழுக்களின் வல்லுநர்கள் துளைகளைத் திருத்தினார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் காற்றுப்பாய்வு மேடையிலும் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரிலும் அளந்தார்கள். கெட்டுப்போனால் தூக்கிப்போட்டு வேறொன்றை எடுக்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. அதைவிட முக்கியமாக, அவர்களின் எஞ்சின்கள் உயர்ந்த, குறுகிய சுழற்சி வரம்புக்குள்ளேயே ஓடின. சிக்னலில் நின்று, காய்கறிச் சந்தைக்குப் போய், குளிர்காலையில் ஸ்டார்ட் ஆகவேண்டிய காருக்கு அந்த வரம்பு பொருந்தாது. கார்புரேட்டரின் மேல்வாயில் இருக்கும் சோக் கழுத்தை ரம்பத்தால் அறுத்தால் முழு மிதியில் சிறிது காற்று கூடலாம். ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் வசதி என்றென்றைக்கும் போய்விடும். பந்தயக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது அவர்களின் டிரில்லை அல்ல, அவர்களின் அளவெடுக்கும் ஒழுக்கத்தை.

அளவெடுக்க ஆய்வகம் வேண்டுமே, வீட்டில் அது ஏது என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, ஏனென்றால் உடல் உணர்வை நம்ப முடியாது. கலவைக்கும் சக்திக்குமான வரைகோட்டின் உச்சி கூர்மையாக இல்லை, தட்டையாக இருக்கிறது. அங்கே சிறு மாற்றம் ஓட்டுநரின் முதுகுக்குத் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் பொதுமக்கள் தங்கள் கார்களை ஓட்டிப்பார்க்கும் கால் மைல் (402 மீட்டர்) பந்தயத் தடங்கள் பல இருக்கின்றன. அங்கே தரும் சீட்டில் கடந்த நேரமும் இறுதி வேகமும் அச்சாகியிருக்கும். புறப்படும்போது டயர் வழுக்கினால் நேரம் கெடும். இறுதி வேகமோ பெரும்பாலும் எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தையே காட்டும். ஜெட்டை இரண்டு எண் உயர்த்தி இறுதி வேகம் கூடினால் அந்தத் திசை சரி. குறைந்தால் திரும்பிவிட வேண்டும். புகைக்குழாயில் பொருத்தும் ஆக்சிஜன் உணரி மானி இருந்தால் விகிதத்தை நேரடியாகவே படிக்கலாம். அது இல்லாதவருக்கும் வெற்றிட மானி, ஃபீலர் கேஜ், அந்தச் சீட்டு, ஒரு குறிப்பேடு ஆகியவை சேர்ந்து நம்பத்தகுந்த ஆய்வகமாகும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிப்பது மட்டுமே நிபந்தனை. ஜெட், தீப்பொறி நேரம், பம்ப் முனை மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது உதவியது, எது கெடுத்தது என்பது எப்போதும் தெரியப்போவதில்லை.

மின்னணு எரிபொருள் ஊட்டல் வந்தபின் இந்த உழைப்பெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. நாஸ்கார் கப்பே 2012-இல் அதற்கு மாறிவிட்டது. காற்றின் அடர்த்தி மாறினால் மின்னணு முறை தானே திருத்திக்கொள்கிறது, வெஞ்சுரிக்கு அந்தத் திறன் இல்லை. புதிய காருக்குக் கார்புரேட்டரைப் பரிந்துரைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் பழைய கார்களைத் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் ஓடவைப்பது பயனுள்ள பணி. புகையைப் பற்றிய அக்கறையும் இந்த வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. காற்று போதாமல் எரியும் செறிந்த கலவை கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது, வினையூக்கி மாற்றி உள்ள காரில் அதைச் சூடேற்றிப் பாழாக்குகிறது. மறுபுறம், முழுச் சுமையில் மிக மெலிந்த கலவை எஞ்சினில் தட்டலை உண்டாக்கி பிஸ்டனையே உடைக்கக்கூடும். மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகளை அகற்றுவதை அமெரிக்கச் சட்டம் தடைசெய்கிறது, அதை மதிக்கவேண்டும். அளந்து அமைத்த கார்புரேட்டர், துளையிட்டுக் கெடுத்த கார்புரேட்டரைவிடக் குறைவாகவே புகையும்.

ஒரு எச்சரிக்கையை மறக்கக்கூடாது. பெட்ரோல் உறைநிலைக்கு மிகவும் கீழான குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து தொலைவில் இருக்கும் சுடரையோ பொறியையோ எட்டிவிடும். தொட்டியைத் திறப்பதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும், கதவுகள் திறந்திருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். மீண்டும் பூட்டிய பின் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா, கையை எடுத்ததும் தானே மூடுகிறதா என்று பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பக்கூடாது. திறந்தபடி சிக்கிக்கொள்ளும் த்ராட்டில் உயிரைப் பறிக்கும்.

கார்புரேட்டரை வீட்டில் திருத்த நினைப்பவர் முதலில் கசிவுகளையும் மட்டத்தையும் சரிசெய்யட்டும். பிறகு வெற்றிடத்தை அளந்து பவர் வால்வைத் தேர்ந்தெடுக்கட்டும். அதன்பின் எண் பொறித்த ஜெட்டுகளையும் பம்ப் முனைகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுதட்டும். கழற்றிய ஒவ்வொரு ஜெட்டையும் பத்திரமாக எடுத்துவைக்கட்டும். இவை எல்லாம் முடிந்த பிறகும் டிரில்லின் தேவை இருந்தால், எங்கே, எவ்வளவு, எதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தக் குறிப்பேட்டிலேயே பதில் இருக்கும். அந்தப் பதில் இல்லாதவரை துளையிடாதீர்கள்.